தேர்ந்தெடுத்த நான்கு ஊர்கள்

கல்யாணமாகி நான் காவலூருக்கு வந்த முதல் வாரத்தில் என் கணவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம், பகலில் குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள் என்பதுதான். அதிகாரமாகச் சொல்லவில்லை. தன் உடம்பில் இருக்கும் ஏதோ குறையைச் சொல்வதுபோலக் கூச்சத்தோடு சொன்னார். அவருக்கு வானாய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. தொலைநோக்கியைத் திருப்பும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். வானம் தெளிவாக இருக்கும் இரவெல்லாம் அங்கே இருக்க வேண்டும். விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பார்.

அதனால் எங்கள் வீட்டில் பகல் என்பதே இல்லை. ஜன்னல்களில் கனத்த கறுப்புத் துணி. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அழைப்புமணியின் ஒயரையே பிடுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. நான் பானையில் சோறு வடிக்கப் பழகிக்கொண்டேன். தேங்காய் அரைக்க வேண்டுமென்றால் அவர் எழும்வரை காத்திருப்பேன். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். சில நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டு, அவர் எழுந்து "டீ இருக்கா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வாயெடுத்தால் குரல் கரகரவென்று வரும்.

என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போகலாம். ஆனால் எங்கே போவது? பஸ் நிறுத்தம் வரை போவேன். ஆலங்காயம் பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள், போய்விடும். நான் திரும்பி வருவேன். என் சொந்த ஊர் திருப்பத்தூர். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்தேன். கல்யாணமான புதிதில் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். பிறகு எல்லோரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று மாற்றிச் சொன்னார்கள். ராஜினாமா எழுதி அனுப்பினேன். அதைக்கூட மெதுவாகத்தான் தட்டினேன். பக்கத்து அறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸக்காவை நான் முதலில் பார்த்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர். ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவ வண்டியில் மலை ஊர்களுக்கெல்லாம் போய்வருபவர். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பது அவர்கள் வேலை. கடைக்காரர் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னாமா, நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாமே?"

"ஆமாங்க்கா."

"வூட்ல இன்னா பண்ற?"

"சும்மாதான் இருக்கேன்."

"அப்ப எங்க ஆபீஸுக்கு வா. அங்க ஒரு பொட்டி கீது. நாங்க ஒன்னு சொன்னா அது ஒன்னு செய்யுது."

மறுநாளே போனேன். வேலை வேண்டும் என்பதைவிட, சத்தமாகப் பேசக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்றுதான் போனேன்.

ஆபீஸ் என்பது ஒரு காலத்தில் புளி மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒற்றை அறை. புளி போய் வருடங்கள் ஆகியும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து அந்த வாசனை வரும். ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பாறை. மேசைமேல் ஒரு லேப்டாப். அதில் டேஷ்போர்டு என்று எல்லோரும் அழைத்த ஒரு திரை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்துவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இடதுபக்கம் ஒரு பெட்டியில் ஊர்களின் பட்டியல். ஓர் ஊரின்மேல் தட்டினால் அது நீல நிறமாகும். வலதுபக்கம் அந்த ஊரில் யார் யாருக்கு எந்த மாதம் பிரசவம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று வரிசையாக வரும்.

நர்ஸக்காவின் குறை நியாயமானது. வண்டி ஒரு நாளில் ஓர் ஊருக்கு மட்டும் போவதில்லை. ஒரே வழியில் இருக்கும் நாலைந்து ஊர்களுக்குப் போகும். ஆனால் பெட்டியில் ஒரு நேரத்தில் ஓர் ஊரைத்தான் தட்ட முடியும். ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும்.

பல ஊர்களைச் சேர்த்துத் தட்டும்படி மாற்றுவது சுலபம், ஓர் அமைப்பை மாற்றினால் போதும். மாற்றினேன். நாலு ஊர் அழகாக நீலமானது. வலதுபக்கம் ஒன்றுமே வரவில்லை. நர்ஸக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "முன்னாடி ஒன்னாவது வந்துச்சே" என்றார்.

அந்தப் பெட்டியின் குணம் அப்படி. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகையாக இருக்கும்வரை, எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அதைக் கேட்டால் ஒரு விடை சொல்லும். பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டால் அதே கேள்விக்கு வெறும் கையை விரிக்கும். ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரலை எழுதித்தான் விடையை வாங்க வேண்டும். பட்டியலில் எவையெல்லாம் நீலமாக இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றையும் எடுத்து, நடுவில் கமா போட்டுக் கோத்து, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குள் அந்தச் சரத்தைச் செருக வேண்டும். அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் குவெரி என்று பெயர். இந்த இந்த ஊர்களில் இருப்பவர்களை மட்டும் கொடு என்று அது போய்க் கேட்கும். எழுதி முடித்து நாலு ஊரைத் தட்டியபோது நாலு ஊர்க்காரர்களின் பெயர்களும் ஒன்றாக வந்து விழுந்தன. நர்ஸக்கா கைதட்டிவிட்டார். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு சின்னச் சின்னச் சிக்கல்கள். மலையில் இரண்டு புதூர் இருந்தன. ஒரு புதூரைத் தட்டினால் இரண்டு புதூர்க்காரர்களும் வந்தார்கள். பெயரை விட்டுவிட்டு ஊரின் எண்ணை எடுத்துக் கோக்கும்படி மாற்றினேன். ஒன்றையுமே தட்டாமல் பொத்தானை அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது. கேள்விக்குள் செருக ஒன்றுமில்லை என்றால் அது உளறும். முதலில் ஒரு ஊரையாவது தேர்ந்தெடுங்கள் என்று தமிழில் சொல்லவைத்தேன்.

அந்தச் சில வாரங்கள் நன்றாக இருந்தன. பிறகுதான் திருப்பத்தூரில் இருந்த பொறுப்பாளர் அந்தத் திரையைப் பார்த்தார். அவரை நாங்கள் சார் என்போம். நல்ல மனிதர், ஆனால் மனதில் தோன்றுவதை அடக்கிவைக்கத் தெரியாதவர். ஊர்ப் பட்டியல் இருப்பதுபோல மாதங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றார். நோய்களுக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, ஊசிகளுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் தேர்ந்தெடுத்ததையெல்லாம் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டும். எதிலாவது ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதை வைத்துக் கேட்க வேண்டும். ஒரு பெட்டியைச் சேர்த்தால் ஸ்கிரிப்ட் ஒரு முழம் நீளும். நீள நீள, அதற்குள் வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஆனது.

ஆபீஸ் மதியத்தோடு முடியும். ஆனால் சார் எந்நேரமும் கூப்பிடுவார். லீவு நாளில் காலையில் அழைத்துவிடுவார். வீட்டில் என் கணவர் தூங்கிக்கொண்டிருப்பார். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கிசுகிசுப்பேன்.

"இன்னாமா, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கீது?"

"சொல்லுங்க சார். கேக்குது."

"ஒன்னுமில்ல, அந்த ஊர் லிஸ்ட்டுல பஞ்சாயத்து வாரியா பிரிச்சு குடுக்க முடியுமா? நாளைக்கு மீட்டிங்."

முடியாது என்று சொல்லத் தெரியாமல் முடியும் என்பேன். ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்து அந்தக் குளியலறையில் எத்தனை மீட்டிங்குகளுக்கு வேலை செய்தேன் என்பதற்கு எனக்கே கணக்கில்லை. இருட்டு வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் அந்த வேலைக்குப் போனேன். அது என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்து இருட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் ஆடி முடியும் சமயம், பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த தோழி கூப்பிட்டாள். புதிதாக ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், ஆபீசுக்கு வர வேண்டியதில்லை, நல்ல இணைய வசதி மட்டும் இருந்தால் போதும் என்றாள். மலையில் அது கிடையாது. காற்றடித்தால் போகும், மழை வந்தால் போகும். கீழே ஆலங்காயத்திலாவது இருந்தால்தான் நடக்கும். அதை வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. முதலில் சாரிடம் சொன்னேன்.

"சார், இந்த மாசத்தோட நின்னுக்கறேன் சார்."

"இன்னாமா இப்படி சொல்ற? நீ போய்ட்டா இத யாரு பாப்பாங்க? ஆள் கெடைக்கற வரைக்கும் இரு. கெடைச்ச ஒடனே நானே அனுப்பி வெக்கறேன்."

ஆள் கிடைக்கவில்லை. தேடினாரா என்பதும் தெரியாது. தோழி இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் கொஞ்சம் பொறு என்றேன்.

இதற்கு நடுவில்தான் ஒரு மாற்றம் நடந்தது. சார் திருப்பத்தூரில் தனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்லித் திரையில் ஒரு வசதியைச் சேர்க்கவைத்தார். கடைசியாக எந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்தோம் என்பது திருப்பத்தூர் சர்வரில் சேமிக்கப்படும். அவரும் அங்கிருந்தே வண்டி எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் திறந்தபோது, நேற்றுத் தேர்ந்தெடுத்த ஊர்கள் தாமாகவே நீலமாக இருந்தன. நர்ஸக்காவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் வானம் பார்க்க முடியாது. அதனால் என் கணவர் பகலில் இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போய்விடுவார். வீட்டில் நான் என்ன சத்தம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஆலங்காயம் சாலையின் வளைவு ஒன்றில் பாறைகள் சரிந்து விழுந்தன. பஸ் நின்றது. மறுபக்கம் போளூருக்கு இறங்கும் சாலையும் அரித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். கரண்ட் இல்லை. காய்கறி இல்லை. பால் பாக்கெட் இல்லை. மலை ஒரு மூடிய பாத்திரம்போல ஆனது. நாங்கள் உள்ளே இருந்தோம்.

டவர் செத்துப்போவதற்கு முன்னால் சாரின் கடைசி அழைப்பு வந்தது. மலைக்கு நடுவே ஓர் ஓடை உண்டு; அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களுக்கு வழக்கமாக வேறொரு வண்டிதான் போகும். அது கீழே மாட்டிக்கொண்டது. அதனால் அந்தப் பக்கத்து இரண்டு ஊர்களையும் எங்கள் வண்டியே பார்த்துவிட வேண்டும் என்றார். பிரசவம் நெருங்கியவர்கள் யாராவது இருந்தால் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். அதோடு குரல் அறுந்தது.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனேன். லேப்டாப்பில் பாதி சார்ஜ் இருந்தது. ஊர்க்காரர்களின் விவரங்களுக்கெல்லாம் அதிலேயே ஒரு நகல் இருந்ததால் இணையம் இல்லாமலும் பார்க்க முடியும். நர்ஸக்கா உட்கார்ந்து நான்கு ஊர்களைத் தட்டினார். எங்கள் பக்கத்தில் வழக்கமாகப் போகும் இரண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு. நான்கும் நீலமாயின. கர்ப்பிணிகளை மட்டும் காட்டும்படி பொத்தானை அழுத்தினார். வலதுபக்கம் ஏழெட்டுப் பெயர்கள் வந்தன.

"எல்லாம் நம்ம ஆளுங்கதான். அந்தப் பக்கம் யாரும் இல்ல போல" என்றார் நர்ஸக்கா.

வாசலில் நின்றிருந்த டிரைவர் அண்ணனுக்கு அது நிம்மதியாக இருந்தது. "நல்லதா போச்சுக்கா. ஓடையில தண்ணி பொங்கிக்கினு போவுது. வண்டி தாண்டாது."

அவர்கள் ஊசிமருந்துப் பெட்டியை எடுத்துவைக்கத் தொடங்கினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு பெயரைத் தேடினேன். அது இல்லை.

இரண்டு மாதம் முன்னால் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் ஏறியபோது என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது வயதுகூட இருக்காது என்று தோன்றியது, பிறகு பேசும்போது இருபத்திரண்டு என்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். என்னிடம் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். மோந்துகொண்டே வந்தாள்.

"இன்னாக்கா, நீ கீழ்நாடா?" என்று கேட்டாள்.

"திருப்பத்தூர். இப்ப காவலூர்ல இருக்கேன்."

"எப்படிக்கா இருக்கற இந்த மலையில? எனக்கு கீழ வந்தா ஒரு நாளு ஆவாது. எப்படா வூட்டுக்கு போவோம்னு இருக்கும்."

எப்போது பிரசவம் என்று பேச்சை மாற்றினேன். ஐப்பசியில் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். தன் பெயர், ஊர் எல்லாம் சொன்னாள். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம். வண்டி வரும்போது எடை பார்ப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள் என்றாள். எழுதியிருந்தால் டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

இருந்தும் உடனே எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒருவேளை பிறந்துவிட்டிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வண்டிக்காரர்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மற்ற மூன்று ஊர்களையும் நீக்கிவிட்டு அவள் ஊரை மட்டும் தட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

வலதுபக்கம் அதே ஏழெட்டுப் பெயர்கள் அப்படியே நின்றன.

இடதுபக்கம் ஓர் ஊர் நீலமாக இருக்கிறது. வலதுபக்கம் வேறு ஊர்க்காரர்களின் பெயர்கள். நாங்கள் கேட்டது ஒன்று, அது எங்கேயோ போய் வேறொன்றைக் கேட்டுக்கொண்டு வருகிறது.

"அக்கா, ஒரு நிமிஷம். வண்டிய எடுக்க வேணாம்" என்றேன்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். நான் எழுதியதற்கு நடுவில் அந்தப் புது வரிகள் இருந்தன. நான் எழுதியபோது, பெட்டியில் நீலமாக இருப்பவற்றை நேரடியாக எடுத்துக் கேள்விக்குள் கோத்தேன். இப்போது அது அப்படிச் செய்யவில்லை. முதலில் தேர்வைத் திருப்பத்தூர் சர்வருக்கு அனுப்பிச் சேமிக்கும். பிறகு சேமித்ததைத் திரும்ப வாங்கி அதைக் கொண்டு கேள்வியைக் கட்டும். இணையம் இருந்தவரை போனதும் வந்ததும் ஒன்றாகவே இருந்தன, அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இணையம் அறுந்ததும் அனுப்பியது போய்ச் சேரவில்லை. ஸ்கிரிப்ட் அதை வெளியே சொல்லவும் இல்லை. தன்னிடம் கடைசியாக இருந்த பழைய தேர்வையே எடுத்துக்கொண்டது. கடைசியாக நாங்கள் தேர்ந்தெடுத்தவை எங்கள் பக்கத்து இரண்டு ஊர்கள். அதனால்தான் வந்த பெயர்கள் எல்லாம் நர்ஸக்காவுக்குத் தெரிந்தவையாக இருந்தன. தவறான பெயர் ஒன்றாவது வந்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். வர வேண்டியது வராமல் இருந்தால் யார் கண்ணில் படும்?

புது வரிகளை நீக்கி, பெட்டியிலிருந்தே நேராக எடுக்கும்படி எழுதினேன். நர்ஸக்கா பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னாமா ஆச்சு, இன்னாமா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு ஊர்களையும் மறுபடி தட்டி அழுத்தினேன். பட்டியல் நீண்டது. பிரசவத் தேதி நெருங்கியவர்கள் மேலே வருவார்கள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. அந்த வாரத்துத் தேதி.

நர்ஸக்கா மருந்துப் பெட்டியை இறக்கி, பிரசவத்துக்கான பையை எடுத்து வைத்தார். நானும் வண்டியில் ஏறினேன்.

"நீ எங்கமா வர்ற? மழையில."

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்க்கா."

ஓடைக் கரையில் வண்டி நின்றுவிட்டது. செம்மண் தண்ணீர், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. அந்தக் கரையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தரையில் வைத்திருந்தார்கள். அதற்குள் யாரோ இருந்தார்கள். விடிந்ததிலிருந்து வலி, போன் போகவில்லை, தண்ணீர் வடியட்டும் என்று நிற்கிறோம் என்று ஒருவர் இந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்தினார். யார் என்று நர்ஸக்கா கேட்டார். பதிலுக்கு வந்த பெயரை நான் ஏற்கனவே திரையில் பார்த்திருந்தேன்.

அங்கே தாண்ட முடியாது. கொஞ்சம் மேலே போனால் ஓடை அகலமாகி ஆழம் குறையும் இடம் இருக்கிறது, அங்கே இறக்குகிறோம் என்றார்கள். தாமாக இறங்கத் தயங்கியவர்கள், இந்தக் கரையில் வண்டியும் நர்ஸும் நிற்பதைப் பார்த்ததும் துணிந்துவிட்டார்கள். கயிற்றை வீசி இரண்டு பக்கமும் மரத்தில் கட்டினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஆறு பேர் அந்தக் கழியைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குக் கால் சறுக்கியது. கழி ஒருபக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் தாங்கிக்கொண்டார். நான் கையில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, யாருக்குப் பிடிக்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். டிரைவர் அண்ணன் பாதித் தண்ணீர் வரை இறங்கிப்போய்க் கை கொடுத்தார்.

வண்டிக்குள் ஏற்றியபோது அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டே, "பஸ்ல வந்த அக்கா தான நீ?" என்றாள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரை விடவில்லை. அவள் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் வலித்தது.

மத்தியானம் பிறந்தது. நர்ஸக்கா வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்றார். குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இங்கேயும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். தப்பித்துவிட்ட நிம்மதியில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் சுவரில் சாய்ந்து அழுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அந்த சீட் வேறு யாருக்காவது கிடைத்திருந்தால்? நான் ஜன்னலோரமாக வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தால்? திரை ஏழெட்டுப் பெயர்களைக் காட்டியிருக்கும். வண்டி எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கும். அவர்கள் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

பாறைகளை அகற்றி பஸ் ஓடத் தொடங்கியதும் சார் மலைக்கு வந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கோபித்துக்கொண்டதாகச் சொன்னார். எல்லோரையும் உட்காரவைத்து என்னைப் பாராட்டினார். "இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்? இவங்கள நம்பித்தான் மொத்த மலையும் கீது" என்றார். கைதட்டினார்கள். இனி எப்படிப் போவேன்? போகிறேன் என்று சொன்னால் அந்தக் கரையில் நிற்பவர்களை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஆகாதா? குளியலறைக்குப் பதிலாக இப்போது மொத்த மலையையும் சேர்த்துக் கதவைச் சாத்துகிறார்கள் என்று தோன்றியது.

எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை. ஆனால் பேசினேன்.

"சார், நான் ஒருத்தி இருந்தாத்தான் இது சரியா ஓடும்னா, இது சரியில்லன்னுதான் அர்த்தம் சார். நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் நாயந்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே ஆள் தேடினார். முதலில் வாணியம்பாடியிலிருந்து வந்த ஒருவர் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பவில்லை. அடுத்து வந்தவள் மலையிலேயே பிறந்தவள், திருப்பத்தூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி இங்கேயே இருந்தாள். அவளோடு உட்கார்ந்து ஸ்கிரிப்டைச் சுருக்கினேன். யாரும் திறந்துகூடப் பார்க்காத பெட்டிகளை எடுத்துவிட்டோம். பெயர்களுக்கு மேலே, எந்த ஊர்களைத் தேடினோம் என்று ஒரு வரி வரும்படி செய்தோம். பெட்டியில் நீலமாக இருப்பதைப் பார்த்து அல்ல, டேட்டாபேஸிடம் உண்மையில் போன கேள்வியிலிருந்தே எடுத்து எழுதும் வரி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரை ஒரு பெயரையும் காட்டாது. அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள், நான் இல்லை.

தோழி மறுபடி கேட்டபோது சரி என்றேன். வீட்டில் சொல்வதுதான் பாக்கி. ஒரு மழை நாள் சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஆலங்காயத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி வேலை செய்யப் போகிறேன், வாரக் கடைசியில் வருவேன் என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் உன்ன புடிச்சி வெச்சிருக்கனா?"

"நீங்க இல்லங்க."

"அப்ப யாரு?"

யோசித்தேன். யாருமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் மறுபடி டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். பிறகு, "ரூம் பாக்க நானும் வர்றேன். மொட்டை மாடி ரூமா இருந்தா வேணாம், வெயில்ல வெந்துடுவ" என்றார்.

இப்போது ஆலங்காயத்தில் இருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. விடியற்காலையிலிருந்து ஹாரன் சத்தம். பெங்களூர்க் கம்பெனியின் திரைகளில் வேறு ஏதேதோ பட்டியல்கள், கடைகள், கிடங்குகள். சில நாள் அறையை விட்டு வெளியே வர முடியாத அளவுக்கு வேலை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடுதலை என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த அறையை நான் பார்த்து எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலை பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன்.

போன வாரம் காவலூரில் ஏறியபோது கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாமா, வாரா வாரம் ஏர்ற, வாரா வாரம் எறங்கற. இதுல எதும்மா உன் வூடு?" என்று சிரித்தார்.

பஸ் கிளம்பிவிட்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆலங்காயம் ஒன்னு குடுங்க" என்றேன்.